பொம்பிளை இன்னும் வெளிக்கிடேல்லை

1. இடுப்பில் ஒரு பெட்டி

ஒரு கையில் சாறியின் கொய்யக மடிப்பு. மற்றக் கையில், பனிச்சரிவில் புதைந்து போனவர்களைத் தேடிப் பிடிக்கிற பெட்டி. இரண்டையும் ஒரே இடுப்பில் எப்படிச் செருகுவது என்று எனக்குத் தொழில் பழக்கிய ஒருவரும் சொல்லித் தரவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். இனி இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு உதவும்.

நான் பத்மா. பாரிஸில், ரூ பெர்தொனே என்ற தெருவில் ஒரு நகைக்கடைக்கு மேலே, முதலாம் மாடியில் என்னுடைய சலூன். புருவம் எடுப்பது, தலைமயிர் வெட்டுவது எல்லாம் உண்டு. ஆனால் எங்கள் தமிழ்க் கடைத்தெருவான லா ஷப்பலில் என்னைத் தெரிந்தவர்களுக்கு நான் பொம்பிளை வெளிக்கிடுத்துகிற, அதாவது மணப்பெண்ணை உடுத்தி அலங்கரிக்கிற பத்மா. நான் கட்டிய சாறி இன்றுவரை எந்த மணவறையிலும் அவிழ்ந்ததில்லை. இதைத் தற்பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, தற்பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

தொழில் ரகசியம் பின். ஒரு கலியாணச் சாறிக்குள் எத்தனை பின் ஒளிந்திருக்கிறது என்பது கட்டியவளுக்கும், இரவு அதைக் கழற்றுகிற மாப்பிள்ளைக்கும்தான் தெரியும். வெளியில் ஒன்றும் தெரியக்கூடாது. தெரிந்தால் அது சாறி இல்லை, பார்சல். என்னுடைய பின்களெல்லாம் உள்ளங்கை அளவான ஒரு பழைய பிஸ்கற் டப்பாவுக்குள் இருக்கும். அந்த டப்பாவை நான் ஒருவரையும் தொட விடுவதில்லை.

தொழிலின் பலம் வேறு. அது ஒரு வசனம்: "பொம்பிளை இன்னும் வெளிக்கிடேல்லை." ஐயர் மைக்கில் கத்தலாம். மண்டபக்காரன் லைற்றை நிற்பாட்டுவேன் என்று வெருட்டலாம். மாப்பிள்ளையின் தகப்பன் மணிக்கூட்டைப் பார்த்தபடி குறுக்கும் மறுக்கும் நடக்கலாம். இந்த வசனத்தைச் சொல்லிக் கதவைச் சாத்திவிட்டால் எதிர்ப்பேச்சு கிடையாது. முகூர்த்தமே கொஞ்சம் நகர்ந்து இடம் விடும். எங்கள் ஆக்களிடம் அரசாங்கக் கடிதத்துக்கு இல்லாத மரியாதை இந்த வசனத்துக்கு உண்டு. அதை நான் ஒருமுறை ஆல்ப்ஸ் மலைவரைக்கும் கொண்டுபோக வேண்டி வந்தது.

2. சுவிஸ் தங்கச்சி

இப்போது கலியாணத்துக்கு முன்னாலேயே மாப்பிள்ளை பொம்பிளையைக் கூட்டிக்கொண்டு போய்ப் படம் எடுக்கிறார்கள். அதற்கு அவுட்டோர் என்று பெயர். ஈபெல் கோபுரத்தடியில் எடுத்தார்கள், கடற்கரையில் எடுத்தார்கள், சூரியகாந்தித் தோட்டத்தில் எடுத்துத் தேனீயிடம் கொட்டும் வாங்கினார்கள். எங்கே போனாலும் நான் பின்னால் பெட்டியைக் காவிக்கொண்டு போகவேண்டும். காற்றுக்குத் தலைப்புப் பறக்கவும் வேண்டும், சாறி நகரவும் கூடாது. இது என்னுடைய தலைவலி.

வீடியோக்காரன் ரூபன். நல்ல பெடியன், கெட்டிக்காரன், ஆனால் விசரன். சின்ன வயதில் பார்த்த படங்களில் பனிமலையில் ஆடுகிற காட்சிகளெல்லாம் அவனுடைய இரத்தத்தில் கலந்துவிட்டன. ஒருநாள் சலூனுக்கு ஓடி வந்தான்.

"அக்கா, ஆல்ப்ஸ்! பொபினித் தவமணி அக்கா ஓமெண்டிட்டா!"

தவமணி அக்கா மாப்பிள்ளையின் தாய், பாரிஸுக்குப் பக்கத்தில் பொபினியில் வீடு. மகன் நிரோஷன், ஒரே பிள்ளை. தாய் சொன்ன சொல்லுக்கு "ஓம் அம்மா" என்பதைத் தவிர வேறு வசனம் தெரியாத பிள்ளை என்றுதான் நான் அப்போது நினைத்திருந்தேன். தவமணி அக்காவின் தங்கச்சி சுவிஸில். அந்தத் தங்கச்சி தன் மகனின் அவுட்டோரைப் பனிமலையில் எடுத்து, அல்பத்தை அனுப்பிவிட்டு, "அக்கா, உங்கடை பிரான்சிலை உப்பிடி மலையள் இருக்கோ?" என்று கேட்டுவிட்டாளாம். அவ்வளவுதான் கதை. மற்றதெல்லாம் அந்த ஒரு கேள்வியால் வந்தது.

பொம்பிளை அபிரா. பக்கத்து ஊரான பொண்டியில் பிறந்து வளர்ந்தவள், அசுரான்ஸ், அதுதான் காப்புறுதிக் கொம்பனியில் வேலை. ஆபத்தைக் கணக்குப் போடுவதற்கு மாதச் சம்பளம் வாங்குகிறவள். மலைக்குப் போவதென்றால் ஒரு வழிகாட்டி வேண்டும் என்று அவள்தான் தேடிப் பிடித்து ஒழுங்கு செய்தாள். தவமணி அக்காவுக்கு அது பிடிக்கவில்லை. "மலை கண்ணுக்கு முன்னாலை நிக்குது. அதைக் காட்ட ஒரு ஆளோ?" என்றா.

கலியாணத்துக்கு முதல் இரண்டு பேரையும் தனிய விடக்கூடாது என்று தவமணி அக்காவும் வந்தா. கூடவே இடியப்பம், சம்பல், மரக்கறி ரோல்ஸ், பெரிய பிளாஸ்கில் தேத்தண்ணி. ரூபனின் வான் வண்டியில் நாங்கள் ஐந்து பேர்.

நாங்கள் போவதற்கு முந்தின நாட்கள் முழுக்க மலையில் புயல். பாதை பூட்டு, பள்ளிக்கூடம் பூட்டு என்று செய்தியில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்த காலையில் வானம் நீலமாய்த் துடைத்து வைத்ததுபோல இருந்தது. எங்கு பார்த்தாலும் புதுப் பனி.

"பாருங்கோ அக்கா! புயல் முடிஞ்ச அடுத்த நாள் வெயில். இதைவிட லக் வருமோ?" என்றான் ரூபன்.

எனக்கும் லக் என்றுதான் பட்டது. பனி பற்றி எனக்கு அப்போது தெரிந்ததெல்லாம், அது லா ஷப்பலில் விழுந்தால் றோட்டோரத்தில் கறுப்பாய்க் கிடக்கும் என்பது மட்டும்தான்.

3. ஐந்துக்கு நாலு

பாதை முடிகிற இடத்தில் ஒரு சின்னச் சத்திரம். அங்கே ஒரு அறையைப் பொம்பிளை வெளிக்கிடுத்த எடுத்திருந்தோம். வாசலில் வழிகாட்டி நின்றா. பெயர் கிளேர். என்னுடைய தோள் உயரம் கூட இல்லை, முகம் வெயிலில் கறுத்து, கண்ணைச் சுற்றி மட்டும் கண்ணாடி போட்ட இடம் வெள்ளையாய். அந்த முகத்துக்கு என்ன பவுண்டேசன் சரிவரும் என்று என் மனம் தன்பாட்டில் யோசித்தது. தொழில் புத்தி.

கிளேர் மேசையில் சாமான்களைப் பரப்பினா. ஆளுக்கொரு சின்னப் பெட்டி, சிவப்பு லைற் மினுங்குவது. மடித்து வைத்த நீளத் தடி. மஞ்சள் மண்வெட்டி. பிறகு விளக்கம் சொன்னா. தவமணி அக்காவுக்குத் தெரிந்த பிரெஞ்சு கடைக்குப் போக மட்டும்தான் போதும் என்பதால் நான் தமிழில் சொல்லவேண்டி வந்தது.

"இந்தப் பெட்டியை உடம்போடை கட்டவேணுமாம். பனிக்குள்ளை ஆரும்..." என்று தொடங்கி நிறுத்திவிட்டேன். கலியாணத்துக்கு நாள் வைத்த வீட்டுக்காரியிடம் 'புதைந்தால்' என்று எப்படிச் சொல்வது? "பனிக்குள்ளை ஆரும் மினக்கெட்டால், எங்கை நிக்கினம் எண்டு காட்டுமாம்."

"அந்தத் தடி?"

"குத்திப் பாக்க."

"எதைக் குத்திப் பாக்க?"

"மினக்கெட்ட ஆக்களை."

தவமணி அக்கா மண்வெட்டியைப் பார்த்தா. விளங்கிவிட்டது. "சிவ சிவா! நல்ல காரியத்துக்கு வந்த இடத்திலை ஆரும் தோண்டுற சாமான் காவிக்கொண்டு திரிவினமே? எடுக்கச் சொல்லும் பத்மா, முதல் எடுக்கச் சொல்லும்!"

கிளேர் எடுக்கவில்லை. அடுத்ததைச் சொன்னா. பனிச்சரிவு ஆபத்தை ஒவ்வொரு நாளும் ஐந்துக்கு அளந்து அறிவிப்பார்களாம். இன்றைக்கு ஐந்துக்கு நாலு.

தவமணி அக்காவின் முகம் மலர்ந்தது. "ஐஞ்சுக்கு நாலோ? அப்ப எண்பது வீதம். டி பாஸ், திறமைச் சித்தி எல்லே!"

"மாமி," என்றாள் அபிரா மெதுவாக, "உது கூடினால் கூடாது."

"பிள்ளை, மார்க்ஸ் கூடினால் எப்பிடிக் கூடாமல் போகும்?"

அபிரா என்னைப் பார்த்தாள். கலியாணத்துக்கு முதல் மாமியாரோடு கணக்குப் பிழையென்று வாதாட எந்தப் பொம்பிளையால் முடியும்?  நிரோஷன் தன் சப்பாத்து நூலை அவிழ்த்து மறுபடி கட்டினான்.

4. வூம்

கிளேர் படம் எடுக்க ஒரு இடம் பார்த்து வைத்திருந்தா. சத்திரத்துக்கு முன்புறம், மரங்களுக்கு நடுவே சமதரை. ரூபன் போய்ப் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தான். "அக்கா, அங்கை ஊர் முழுக்க நடந்திருக்கு. நாயள் வேறை மஞ்சளா கையெழுத்து வைச்சிருக்குதுகள். எனக்குக் கால் படாத பனி வேணும்."

அவன் காட்டிய இடம் சத்திரத்துக்குப் பின்புறம், வேலிக்கு அப்பால். மேலிருந்து கீழ்வரை ஒரே வெள்ளை, ஒரு கோடு கிடையாது. பொம்பிளை சிவப்புச் சாறியில் நடுச் சரிவில் தனிய நிற்பாள். ட்ரோன் மேலால் பறக்கும். முழு வெள்ளைக்குள் ஒரு சிவப்புப் பொட்டு. சொல்லிக்கொண்டே இரண்டு கைவிரலாலும் சட்டம் போட்டுக் காட்டினான். எனக்கும் அழகாகத்தான் இருந்தது, உண்மையைச் சொல்லவேண்டும்.

"ஏன் அங்கை ஒருத்தரும் நடக்கேல்லை எண்டு யோசிச்சனியோ?" என்று கேட்டேன்.

"எங்கடை லக், அக்கா."

கிளேர், ஓரத்தில் போய்ப் பார்க்கலாம், சரிவில் கால் வைக்கக்கூடாது என்றா. சாறி எவ்வளவு இழுபடும் என்று பார்க்க நானும் போனேன். பனியில் புதையாமல் நடக்க, காலில் பந்தடி மட்டை மாதிரி இரண்டு தட்டைக் கட்டிவிட்டார்கள். தாரா நடப்பதுபோல நடந்தேன். வழியில் ரூபன் கேட்டான், சத்தத்துக்குத்தானே பனி விழும், நான் பாட்டுப் போடாமல் எடுக்கிறேன் என்று. கிளேர் சிரித்தா. சத்தத்துக்கு விழுவதில்லையாம், பாரத்துக்குத்தான். புயலில் காற்று கொண்டுவந்து குவித்த பனி, அடியில் பழைய பனியோடு ஒட்டாமல் ஒரு பலகைபோல மேலே கிடக்கும். அது விழ, அதில் ஒரு ஆள் ஏறினாலே போதும். அபிரா மெலிந்த பிள்ளை, ஆனால் அந்தச் சாறியின் சரிகையும் நகைகளும் சேர்ந்தால் என்ன பாரம் என்பது எனக்குத்தான் தெரியும்.

ஓரத்துக்கு வந்து இன்னும் ஒரு அடி வைத்தேன். "வூம்" என்றது.

எப்படிச் சொல்வது? அது காதுக்குக் கேட்டதை விட வயிற்றுக்குள்தான் கேட்டது. நான் நின்ற நிலம் முழுக்க ஒருக்கால் கீழே இருந்து எழும்பியதுபோல. எனக்கு முன்னால் பனியில் ஒரு வெடிப்பு, கத்தரிக்கோலால் துணி வெட்டுவதுபோல, தன்பாட்டில் ஓடியது. கிளேர் என் கையைப் பிடித்துப் பின்னால் இழுத்தா.

"நோன்," என்றா, கூடாது என்று. அவ்வளவுதான். திரும்பி நடந்தா.

நான் என் வாழ்க்கையில் பயந்ததுண்டு. ஆனால் அப்படி ஒரு பயம் பயந்ததில்லை.  ரூபனுக்கு மட்டும் ஒன்றும் தெரியவில்லை. அவன் கமராவுக்குள்ளால் பார்த்துக்கொண்டிருந்தான். கமராவுக்குள்ளால் பார்த்தால் எல்லாம் சின்னதாய்த்தான் தெரியும்.

சத்திரத்தில் தவமணி அக்காவிடம், நிலம் சத்தம் போட்டது, வெடித்தது, அங்கே போகக்கூடாது என்றேன்.

"நிலமெண்டால் சத்தம் போடும்தான். எங்கடை பொபினி வீட்டிலை படி கூடத்தான் சத்தம் போடுது, நான் ஏறாமல் விட்டனானே? அந்த வழிகாட்டி வராட்டி நிக்கட்டும். கூப்பிடு தூரம்தானே, நாங்கள் போவம். ரூபன், நீர் மிசினை ஆயத்தப்படுத்தும். பத்மா, நீர் பிள்ளையை வெளிக்கிடுத்தும்."

கிளேர், என்னால் உங்களைக் கயிற்றால் கட்டி வைக்க முடியாது என்றா. என்னோடு வந்தால் முன்பக்கம், இல்லாவிட்டால் நான் இந்த வாசலில் நின்று மீட்புக்காரருக்குத் தொலைபேசி எடுக்க ஆயத்தமாய் நிற்பேன் என்றும் சொன்னா. பிறகு என்னைத் தனியே கூப்பிட்டு மேற்கே காட்டினா. மலைக்குப் பின்னால் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு. மத்தியானத்துக்குப் பிறகு அடுத்த புயல் வந்து எல்லாம் மூடிவிடும், வெளிச்சம் போய்விடும் என்றா.

5. கதவைச் சாத்துதல்

அறைக்குள் அபிரா கட்டிலில் இருந்தாள். கை இரண்டையும் மடிக்குள் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"அன்ரி, நான் அங்கை போகமாட்டன்."

"சொல்லுமன் மாமியிட்டை."

"சொன்னால், வீட்டுக்கு வரமுதலே எதிர்த்துக் கதைக்கிற பெட்டை எண்டுவினம். கலியாணம் முடிய அவவோடைதான் நான் இருக்கப்போறன்." பிறகு பிரெஞ்சில் ஏதோ திட்டினாள். மலையையா, மாமியையா, சுவிஸ் நாட்டையா என்று நான் கேட்கவில்லை.

அந்தச் சரிவில் தனிய நிற்கப்போகிறவள் அவள்தான். ரூபன் தூரத்தில் நிற்பான், தவமணி அக்கா வேலிக்கு இஞ்சால் நிற்பா. 'வேண்டாம்' என்ற சொல்லை அவள் வாயால் சொல்ல முடியாது. கிளேர் சொன்னா, எடுபடவில்லை. நான் சொன்னேன், படி சத்தம் போடுகிற கதை வந்தது. எங்கள் ஆக்கள் மறுபேச்சில்லாமல் கேட்கிற வசனம் உலகத்தில் ஒன்றுதான் இருக்கிறது. கதவைச் சாத்தினேன்.

பிள்ளைகளே, வேலையைக் கெதியாய்ச் செய்வது எப்படி என்று எல்லாரும் சொல்லித் தருவார்கள். ஆறுதலாய், மெதுவாய்ச் செய்வது எப்படி என்பதை என்னிடம் கேளுங்கள். முதலில் அடியில் போட்ட குளிர்ச்சட்டையின் நிறம் சரியில்லை என்று மாற்றினேன். தலைமயிரைச் சீவி, கொண்டை போட்டு, கொண்டை சரிந்துவிட்டதென்று கழற்றினேன். பெட்டியை உடம்போடு கட்டவேண்டும் என்று கிளேர் சொன்னாவே, அதை இடுப்பில் வைத்து மேலே ஒட்டியாணம் பூட்டினேன். கொய்யகம் ஒருபக்கம் தள்ளிக்கொண்டு நின்றது. அவிழ்த்தேன். மற்றப்பக்கம் வைத்தேன். மறுபடி அவிழ்த்தேன். அபிராவுக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு அவளே, "அன்ரி, இந்தக் கொய்யகம் ஒண்டு பெரிசாத் தெரியுதெல்லே?" என்று உதவி செய்தாள்.

வெளியில் தட்டல். "பத்மா! வெயில் போகுது!"

"பொம்பிளை இன்னும் வெளிக்கிடேல்லை!"

தட்டல் நின்றது. அந்த மலையிலும் வசனம் வேலை செய்தது.

யன்னலால் பார்த்தேன். சாம்பல் கோடு தடித்திருந்தது, ஆனால் வெயில் இன்னும் போகவில்லை. ரூபன் வாசலில் ட்ரோனைக் கையில் வைத்துக்கொண்டு சூரியனையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தான். நிரோஷன் ஒருமுறை சூடான சொக்கலா கொண்டுவந்து அபிராவிடம் கொடுத்துவிட்டு, அறைக்குள் கொஞ்சநேரம் யன்னலடியில் நின்றுவிட்டுப் போனான். பாவம், குளிருதாக்கும் என்று நினைத்தேன்.

இரண்டாவது தட்டலோடு கதவு திறந்தது. தவமணி அக்கா உள்ளே வந்துவிட்டா. சாறி கட்டி முடிந்து தலைப்பு மட்டும் தோளில் தொங்கியது. "உதுக்கு ரெண்டு பின் குத்தினால் முடிஞ்சுது. நானே குத்துறன். எங்கை பின்?"

என் கதை முடிந்தது என்று நினைத்தேன். பின் டப்பா யன்னலடியில். கையை நீட்டினேன். டப்பா இல்லை.

சத்தியமாய்ச் சொல்கிறேன், அது என் வேலை இல்லை. நான் வேண்டுமென்று பொய் சொன்னவள்தான், ஆனால் பின் டப்பாவை ஒளித்துவைக்கிற அளவுக்கு என் தொழிலை நான் அவமதிக்கமாட்டேன். கட்டிலுக்குக் கீழே தேடினோம். என் மேக்கப் பெட்டியைக் கொட்டினோம். சத்திரக்காரியிடம் கேட்டோம், அவ ஒரு உடுப்புக் கொழுவுகிற கிளிப்பைக் கொண்டுவந்து தந்தா. பின் இல்லாத தலைப்போடு பொம்பிளையைக் காற்றில் விடமாட்டேன் என்று நான் கத்தினேன். அது நடிப்பில்லை, அசல் கோபம். தவமணி அக்காவும் முழங்காலில் நின்று கம்பளத்தைத் தடவித் தேடினா.

நாங்கள் நிமிர்ந்தபோது யன்னலுக்கு வெளியே மலை இல்லை. மரம் இல்லை. எல்லாம் பனிமூட்டம், வெள்ளைப் புகார்.

6. வானுக்குள்

அன்றைக்கு எடுத்ததெல்லாம் சத்திரத்து வாசலில்தான். பனி கொட்டிக்கொண்டிருந்தது. தலைப்பைக் கிளிப்பால் பிடித்தேன். அபிரா, கிளேரின் மஞ்சள் மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு சிரித்தாள். தவமணி அக்கா மற்றப்பக்கம் திரும்பி நின்றா. உதட்டைச் சிவப்பாக வைத்திருக்க நான் பட்ட பாடு எனக்குத் தெரியும். நீல உதட்டில் எந்த லிப்ஸ்ரிக்கும் நாவல்பழ நிறம்தான் காட்டும்.

கிளேர் சாமான்களைத் திருப்பி வாங்கினா. பெட்டிகளை எண்ணிவிட்டுப் புருவத்தைச் சுருக்கினா. புயல் வந்துவிட்டதால் பாதை பூட்டமுன் இறங்கச் சொன்னா.

ரூபன் வானை ஓட்டினான். நான் முன் சீற்றில். பின்னால் தவமணி அக்கா நடுவில், இரண்டு பக்கமும் இரண்டு பேர். மலைப்பாதையில் ஒரு கூர்த்திருப்பம். வான் சாய்ந்தது. நிரோஷன் "ஐயோ!" என்று கத்திக்கொண்டு கூரையில் தலை இடிக்கத் துள்ளினான்.

"என்னடா, என்ன?"

"குத்துது! குத்துது!"

தவமணி அக்கா குனிந்து அவன் பின்பொக்கற்றுக்குள் கைவிட்டா. வெளியே வந்தது என்னுடைய பிஸ்கற் டப்பா. மூடி கழன்று, பின்னெல்லாம் சீற்றில்.



"உது என்ன கதை?" என்றா தவமணி அக்கா.

"அம்மா, அவளுக்குப் பயம்." நிரோஷன் ஒரு கையால் பின்பக்கத்தைத் தேய்த்தபடி சொன்னான். "எனக்கும் பயம்."

"அதை வாயைத் துறந்து சொல்லுறதுக்கென்ன?"

"நீங்கள் சொல்ல விட்டனீங்களே?"

அந்தப் பிள்ளை தாயை எதிர்த்துப் பேசிய முதல் வசனம் அதுவாகத்தான் இருக்கவேண்டும். அபிரா அவனைப் பார்த்தாள். நான் கண்ணாடியில் அவளைப் பார்த்தேன். எத்தனை பொம்பிளைகளை மணவறைக்கு அனுப்பியிருக்கிறேன். ஒருத்தி மாப்பிள்ளையை அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை. பிறகு அவள் கண் மாமியாரிடம் போய் நின்றது. குனிந்து நிமிர்ந்ததில் தவமணி அக்காவின் கோட்டு திறந்திருந்தது.

"மாமி," என்றாள், "உங்கடை நெஞ்சிலை லைற் எரியுது."

எரிந்தது. கம்பளிச் சட்டைக்கு உள்ளே, சிவப்பாய், மினுங்கி மினுங்கி. கிளேரின் எண்ணிக்கையில் குறைந்த பெட்டி.

"அது... குளிருக்குப் போட்டனான்."

"பெட்டியையோ அக்கா?" என்றேன். எனக்கு வாய் சும்மா இருக்காது.

தவமணி அக்கா கோட்டை இழுத்து மூடினா.  பிறகு குரல் உடைந்துபோய்ச் சொன்னா: "பிள்ளை அங்கை தனிய நிக்க, நான் இஞ்சாலை நிண்டு பாத்துக்கொண்டு நிக்கிறதே? நானும் பின்னாலை போயிருப்பன். போனால் ரெண்டு பேரையும் சேத்துக் கண்டுபிடிக்கட்டும் எண்டுதான் கட்டினனான்."

"அப்ப ஏனம்மா போகச் சொன்னீங்கள்?"

"தங்கச்சிக்குச் சொல்லிப்போட்டனேயடா!"

முதலில் சிரித்தது ரூபன். பிறகு அபிரா. பிறகு வான் முழுக்க, தவமணி அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு. சிரிப்பு அடங்கியபின் அபிரா ஒவ்வொரு பின்னாகப் பொறுக்கி டப்பாவுக்குள் போட்டாள்.  அன்றைக்கு மட்டும் அந்த டப்பாவைத் தொட அனுமதி.

7. இன்னும் நிற்கிற மலை

பெட்டியைத் தபாலில் அனுப்பிவிட்டு நான் கிளேருக்குத் தொலைபேசி எடுத்தேன். மன்னிப்புக் கேட்டபின், உண்மையில் கேட்க வந்ததைக் கேட்டேன். "அந்தச் சரிவு விழுந்ததோ?"

"இல்லை. அப்படியே இருக்கிறது."

எனக்குப் பெரிய ஏமாற்றம். விழுந்திருந்தால் எவ்வளவு வசதி! நான் சொன்னதுதான் சரி என்று லா ஷப்பல் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கலாம். அதைச் சொன்னபோது கிளேர் சிரித்துவிட்டு, என் வேலையில் நல்ல நாள் என்றால் இப்படித்தான் இருக்கும், காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது என்றா. எனக்கு அது உடனே விளங்கியது. ஒளிந்திருக்கிற பின்னைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை.

அல்பத்தின் முதல் பக்கத்தில் மண்வெட்டிப் படத்தைத்தான் போட்டார்கள். பின்னால் புகார் என்பதால் மலையும் இல்லை, ஒன்றும் இல்லை, வெறும் வெள்ளை. சுவிஸ் தங்கச்சி பார்த்துவிட்டு, "அக்கா, இது ஸ்ரூடியோவிலை எடுத்ததோ?" என்று கேட்டாளாம்.

நான் இதில் படித்தது என்னவென்று கேட்டால், மலையைப் பற்றி அதிகம் இல்லை. ஒரு வானில் போன ஐந்து பேரில் நாலு பேருக்கு அன்றைக்குப் பயம். ஆளுக்கு ஒரு மாதிரி அதை ஒளித்தோம்: இரண்டு பேர் கொய்யகத்துக்குள், ஒருத்தன் பொக்கற்றுக்குள், ஒருத்தி கோட்டுக்குள். நல்ல காரியத்துக்கு முதல் கெட்ட சொல் சொல்லக்கூடாது என்று எல்லாரும் வாயை மூடிக்கொண்டு, அந்தப் பிள்ளையைச் சரிவில் ஏற்றப் பார்த்தோம். இப்போது நான் எந்தப் பொம்பிளைக்குக் கொய்யகம் மடித்தாலும், அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி ஒரு கேள்வி கேட்பேன்: "வெளிக்கிட்டாச்செண்டு சொல்லட்டோ, இன்னும் இல்லையெண்டு சொல்லட்டோ?" அநேகமாய் எல்லாரும் சிரிப்பார்கள். சிரிக்காவிட்டால் நான் கதவைச் சாத்துவேன்.

அபிராவின் கலியாணம் பொண்டியில் ஒரு மண்டபத்தில் நடந்தது. தாலி கட்டும் வரை ஒன்றும் வாயில் வைக்கக்கூடாது என்று தவமணி அக்கா கட்டளை. கூறைச் சாறி கட்டி, கடைசிப் பின்னைக் குத்தி முடித்தேன். அபிரா கதிரை முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை, வெளியில் அத்தனை சனம். வாசலில் தவமணி அக்கா நின்றா. மைக்கில் ஐயர், "பெண்ணை அழைத்து வாருங்கோ!" என்றார்.

தவமணி அக்கா பிள்ளையை மேலும் கீழும் பார்த்தா. ஒரு குறையும் இல்லை என்பது அவவுக்கு நன்றாய்த் தெரிந்தது. நடையில் தலையை நீட்டி, மண்டபம் முழுக்கக் கேட்கச் சத்தம் வைத்தா:

"பொம்பிளை இன்னும் வெளிக்கிடேல்லை!"

கதவைச் சாத்திவிட்டுக் கைப்பையிலிருந்து பிளாஸ்கை எடுத்தா. "இருந்து ஆறுதலாக் குடி பிள்ளை. லிப்ஸ்ரிக்கைப் பத்மா பிறகு பாப்பா."

நான் பார்த்தேன். லிப்ஸ்ரிக்கை ஒருமுறை பூசினேன், கண்மையை இரண்டுமுறை. வெளியில் ஐயர் மறுபடியும் கூப்பிட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. பதில் சொல்ல வாசலில் வேறு ஆள் இருந்தா.